கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி

முதலில் கேபின் கண்ணாடியைத்தான் துடைத்தேன். கறுப்பாக, நூல் நூலாக ஏதோ இறங்கியது. மில்லில் எந்நேரமும் கரி பறக்கும். அதுதான் என்று நினைத்தேன். பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. தலையைத் திருப்பினேன். நூலும் கூடவே திரும்பியது. அழுக்கு என் கண்ணுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டின் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓடுகிற கிரேன். அதில் தொங்குகிற கூண்டுதான் கேபின். ஏறி உட்கார்ந்தால் ஷிப்ட் முடியும்வரை கீழேயே பார்க்க வேண்டும். கீழே சீனு நிற்பான். ஆரம்பாக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு பேசுவான், வெளியில் எங்கள் பேச்சு. அவன் கை காட்டுவான், நான் தூக்குவேன். மில் இரைச்சலில் மேலே ஒன்றும் கேட்காது. கைதான் பேச்சு.

இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, தள்ளு என்பதை ஒரே ஒரு ஆள்தான் காட்டலாம். வேறு யார் காட்டினாலும் டிரைவர் கண்டுகொள்ளக் கூடாது. நிறுத்து என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். பெருக்குகிற அம்மா இரண்டு கையையும் விரித்து ஆட்டினாலும் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கொக்கியில் ஒரு கட்டு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இடது கண்ணில் கறுஞ்சிவப்பாகத் திரை விழுந்துவிட்டது. வலி இல்லை. வலது கண்ணை வைத்துச் சீனுவின் கையை மட்டும் பார்த்தேன். ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது. கொக்கி தரைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் சொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தேன்.

ஏணியில் இறங்கி வந்ததும் சீனு, “இன்னாணா, மாமியா ஊட்டுக்கு வந்த மாப்ள மாதிரி அப்டி கூச்சப்பட்டுக்கினு எறக்குற?” என்றான்.

“கண்ணு தெர்ல.”

சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனான்.

எனக்குச் சர்க்கரை இருப்பது பத்து வருஷமாகத் தெரியும். வலிக்காத வியாதி. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவேன். வீட்டில் கஸ்தூரிதான் கவலைப்படுவாள். கஸ்தூரி என் மனைவி. கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தாள். ஒருநாள் கிரேன் சிக்னலை எல்லாம் அவளுக்குச் செய்து காட்டியிருந்தேன். அதில் நிறுத்து என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை சோற்றுக்குத் தட்டை நீட்டினால் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். நான் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்பேன். அங்கே நான் சட்டத்தை மதிக்கவில்லை.

மறுநாள் மின்சார ரயிலில் பட்டணம் போனோம். பெரிய கண் ஆஸ்பத்திரி. காலை நாஷ்டா வேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பட்டினியாகப் போனோம். அது வேறு பரிசோதனைக்காம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியட்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுபடி சொட்டு. மறுபடி பெஞ்சு. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. என்னைப் போல முப்பது நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பஜனை நடக்கிற இடம்போல இருந்தது. பாட்டு மட்டும் இல்லை.

அப்புறம் கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றினார்கள். அது ரத்தத்தோடு கண்ணுக்குப் போகும். அங்கே எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எது ஒழுகுகிறது என்று படம் எடுப்பார்கள். அன்று முழுக்க மேல்தோல் மஞ்சளாக இருந்தது. சிறுநீரும் அப்படியே. கஸ்தூரி பயந்துபோய் நர்ஸிடம் ஓடினாள். நாளைக்குப் போய்விடும் என்றார்கள். போய்விட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இடது கண் முழுக்க ரத்தம், உள்ளே சரியாகத் தெரியவில்லை என்றார். வலது கண் படத்தைக் காட்டினார். அதிலும் ஆரம்பித்திருந்தது. மரத்துக்குக் கிளை போல நல்ல குழாய்கள். அதன் நுனியில் தலைமுடிச் சிக்கு மாதிரி புதுக் குழாய்கள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் படிக்கட்டும்.

கண்ணின் பின்பக்கம் ஒரு திரை இருக்கிறது. பார்ப்பது எல்லாம் அதில்தான் விழும். சர்க்கரை அதற்குப் போகிற சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. சாப்பாடு வராத இடம் சும்மா இருக்காது. எனக்குப் புதுக் குழாய் போடு என்று ஒரு பொருளை அனுப்பும். வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். அது மிதந்துபோய்ப் பக்கத்தில் இருக்கிற ரத்தக் குழாயைத் தொடும். குழாயின் சுவர் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் மேல்தோலிலும் சில புரதங்கள், பாதி உடம்பு வெளியே பாதி உள்ளே என்று நட்டுவைத்தாற்போல நிற்கின்றன. வெளியே நீட்டியிருக்கிற பாதியில் காரணி வந்து உட்கார வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புரதங்கள் இரண்டு அதைச் சேர்ந்து பிடிக்க வேண்டும். உடனே உள்ளே இருக்கிற பாதி, வளரு என்று செல்லுக்குச் சொல்லும். செல் இரண்டாகப் பிரியும். புதுக் குழாய் முளைக்கும். அவசரத்தில் முளைத்த குழாய் என்பதால் சுவரில் பலம் இருக்காது. ஒருநாள் உடையும். எனக்கு உடைந்தது கேபினில்.

“மேடம், அந்தப் புரதம் டிரைவர் மாதிரியா?” என்று கேட்டேன்.

“எந்த டிரைவர்?”

“கிரேன் டிரைவரு. கீழ இருந்து கை காட்னா தூக்குவான். இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டான்.”

“அப்படியே வச்சுக்குங்க” என்றார்.

“அப்போ அந்த டிரைவரையே எறக்கி உட்டா?”

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பெருவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. “இது ஆறணும்னா அங்க புது ரத்தக் குழாய் வரணும். அங்கேயும் இதே சிக்னல், இதே புரதம்தான். ஒரேயடியா இறக்கிவிட்டா இது எப்படி ஆறும்?” என்றார். “அதனால கண்ணுக்குள்ள மட்டும் மருந்து போடப் போறோம். அந்தக் காரணி புரதத்துல போய் உட்கார்றதுக்கு முன்னாடியே மருந்து அதைப் பிடிச்சுக்கும்.”

காட்டுகிற கையைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குப் புரிந்தது.

“எவ்ளோ நாளு புடிச்சிக்கினு இருக்கும்?”

“சில வாரம். அப்புறம் மருந்து கரைஞ்சிடும். சாப்பாடு இல்லாம கத்துற இடம் மறுபடி கத்தும். அதுக்குள்ள நாம லேசர், ஆபரேஷன் எல்லாம் முடிச்சிடணும்.”

ஆபரேஷன் செய்தால் இடது கண் திரும்புமா என்று கஸ்தூரி கேட்டாள். திரை கிழியாமல் ஒட்டி நின்றால் கொஞ்சம் திரும்பும் என்றார் மேடம். எவ்வளவு என்று சொல்லவில்லை. செய்யாவிட்டால் நிச்சயமாகப் போய்விடும் என்பதைச் சொன்னார்.

அந்த மருந்து குடல் புற்றுநோய்க்காக வந்ததாம். புற்றுக் கட்டியும் இப்படித்தான் ரத்தக் குழாய் கேட்குமாம். கண்ணுக்கு அது புதிதாக வந்திருந்த காலம். இதை நர்ஸ் சொன்னதும் கஸ்தூரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கேன்சர் மருந்து இன்னாத்துக்கு? எங்கிட்ட எதுனா மறைக்கிறீங்களா? யோவ், நீயும் சேந்துக்கினு மறைக்கிறியா?”

“எனுக்கே இப்பதான் தெரியும்மே.”

நர்ஸ் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு சின்ன பாட்டில் மருந்து பல கண்ணுக்கு வரும். முழுப் பாட்டிலை ஒரு ஆள் வாங்க முடியாது. அதனால் வேண்டியவர்களை எல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லி, சுத்தமான அறையில் பிரித்துப் போடுவார்கள். ஒரு ஆள் வராவிட்டாலும் மற்றவர்கள் பங்கு ஏறிவிடும். அதனால் வந்தவர்கள் எல்லாம் வராதவர்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக ஒருவர் வந்தார். பழவேற்காட்டில் கருவாடும் இறாலும் வியாபாரம் செய்கிற காதர் பாய். என்னைவிடப் பெரியவர்.

“மன்னிச்சிக்கோங்கப்பா. பொன்னேரில ரயில உட்டுட்டேன்” என்றபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “தம்பிக்கு எந்தக் கண்ணு?”

“எடது.”

“எனுக்கு ரெண்டும். பரவால்ல, இனிமே நாம எல்லாம் ஒரே பாட்டில் பங்காளிங்க.”

கஸ்தூரி முறைத்தாள். “பாட்டில்னு சத்தமா சொல்லாதீங்க பாய். இவரு வேற இன்னான்னு நெனைச்சிக்குவாரு.”

அந்த வரிசையே சிரித்தது. பயம் கொஞ்சம் இறங்கியது.

கண்ணில் ஊசி என்றால் எனக்கும் பயம்தான். வெளியே காட்டவில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். இமை மூடாமல் இருக்கக் கம்பி வைத்தார்கள். மேலே பார் என்றார்கள். அழுத்துகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். கேபின் ஏணியில் முதல் நாள் ஏறினபோது இதைவிடப் பயந்திருக்கிறேன்.

வலது கண்ணுக்கு லேசர். பச்சை வெளிச்சம் படபடவென்று அடிக்கும். சாப்பாடு கேட்டுக் கத்துகிற ஓரங்களைச் சுட்டுவிடுவார்கள். வாய் அடைத்தால் சிக்னல் நிற்கும். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுக்கிறோம் என்று மேடம் சொன்னார். இப்போதும் அந்தக் கண்ணில் ஓரத்தில் வருகிற சைக்கிள் தெரிவதில்லை. இருட்டினால் நடை தடுமாறும்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன். புதுக் குழாய்கள் மருந்தில் வற்றியிருந்தன. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த தழும்பு சுருங்கித் திரையைப் பிய்த்து இழுத்திருந்தது. கண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். நினைவு இருந்தது. உள்ளே சின்னச் சின்ன நிழல்கள் நடமாடின. கண்ணுக்குள் நிறைந்திருக்கிற, ரத்தம் கலங்கின கூழை உறிஞ்சி எடுத்தார்கள். தழும்பை வெட்டினார்கள். திரையைப் பழைய இடத்தில் வைத்து, அது ஒட்டுகிற வரைக்கும் அழுத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை உள்ளே விட்டுத் தைத்தார்கள். குமிழி எப்போதும் மேலே போகும். அது பின்பக்கத்துத் திரையை அழுத்த வேண்டுமென்றால் முகம் கீழே பார்க்க வேண்டும். ராத்திரி பகல் எல்லா நேரமும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மேடம் எல்லாம் சொன்னார். தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது. மல்லாந்து படுக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. “அப்புறம், குமிழி கரையுற வரைக்கும் விமானத்துல போகக் கூடாது” என்றார்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏரோப்ளேனா! நாங்க கவரப்பேட்டைக்கு ரயில்ல எடம் கெடைச்சா போதும் மேடம்.” நானும் சிரித்தேன். மேடமும் சிரித்தார். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் சிரிப்பில் அது போயிற்று. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவிழ்ந்து படுக்கிறது சுலபம் இல்லை. கழுத்து போகும், இடுப்பு போகும். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் வசதி. கீழே பார்க்கிறதுதானே என் வேலை. கட்டில் நுனியில் தலையணையை வைத்து முகத்தை வெளியே தொங்கவிட்டுக்கொள்வேன். பேச வேண்டும் என்றால் கஸ்தூரி தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். அவள் முகம் எனக்கு நேர் கீழே இருக்கும். அங்கே இருந்தே சோறும் ஊட்டுவாள். பாதி அவள் மேலேயே விழும்.

“எத்தினி வருசம் ஆச்சி நீ என்ன இப்டி பாத்து” என்றாள் ஒருநாள்.

சீனு பார்க்க வந்தான். கட்டிலுக்குக் கீழே படுத்தவன், மேலே இருந்த என்னைப் பார்த்துச் சட்டமாக, இறக்கு, இன்னும் இறக்கு என்று கை காட்டினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. தையல் உறுத்தியது.

“எப்பணா மேல வருவ? புதுசா வந்தவன் கைய பாக்காம கால பாக்கறான். பேஜாரா கீது” என்றான்.

“ரெண்டு கண்ணும் வந்தா வரேன்.”

குமிழி கரையக் கரையப் பார்வை மேல்பக்கம் திறக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இடது கண்ணில் ஒரு கோடு தெரியும். கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் போல. கோட்டுக்கு மேலே உலகம். கீழே தண்ணீர் மாதிரித் தளும்புகிற குமிழி. கண் எதையும் தலைகீழாக வாங்குவதால், மேலே மிதக்கிற குமிழி கீழே தெரியுமாம். தலையைச் சாய்த்தால் கோடும் சாயும். மூன்றாவது வாரத்தில் கோடு பாதிக்கு வந்திருந்தது. அதற்கு மேலே கஸ்தூரியின் புடவையில் பூ இருப்பது தெரிந்தது. மஞ்சளா வெள்ளையா என்று சொல்ல முடியவில்லை. பூ என்று தெரிந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரை ஒட்டியிருக்கிறது என்றார்கள். இனிக் குப்புறப் படுக்க வேண்டாம், தலைக்கும் ஊற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கஸ்தூரி கேட்டாள், “பஸ்ல வெளியூரு போலாமா மேடம்?”

“போலாம். குலுங்காம போயிட்டு வாங்க.”

எந்த ஊர் என்று மேடம் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பது இவள் வழக்கம். நான் ஆபரேஷன் அறையில் இருந்தபோது வெளியே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். கண் பிழைத்தால், தண்ணி விட்டுத் தலை முழுகுகிற முதல் நாளே இரண்டு பேரும் திருப்பதியில் முடி கொடுப்பதென்று. எனக்கே பெரியபாளையத்தில் திருப்பதி பஸ் ஏறின பிறகுதான் சொன்னாள். அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “உனுக்கு அப்பறமா வரேம்மா” என்றாள்.

கீழ்த் திருப்பதியில் இறங்கி மலை பஸ் ஏறினோம். சாலை வளைந்து வளைந்து ஏறும். பஸ் திரும்பும்போதெல்லாம் கோவிந்தா என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நான் ஜன்னல் ஓரம். வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோடு ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து நிமிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கோட்டை ஒரு மாதிரி பார்த்தேன். பாதியில் இருந்தது, மேலே வந்த மாதிரி தெரிந்தது. மனப்பிராந்தி என்று நினைத்தேன். கண்ணுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. நெற்றிக்கு ஏறியது. பல்லைக் கடித்தேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் வேண்டுதல். இன்னும் கொஞ்சம்தான், மேலே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

“இன்னா?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன் கம்பிய அப்டி புடிச்சிக்கினு கீற?”

“கோடு ஏறுது.”

“இன்னா கோடு?”

“கண்ணுக்குள்ள. கீழ போய்க்கினு இருந்தது. இப்போ மேல வருது.”

“வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“யோவ், நீ கொஞ்சம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

கண்ணில் வெளிச்சம் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. மரம் சாம்பலாகத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. பிளேன் என்றால் பிளேன் இல்லை. உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைத்துவைத்த குமிழி உப்பும், உப்புவதற்குக் கண்ணில் இடம் கிடையாது என்பதெல்லாம் மேடம் பிறகு சொன்னது. அப்போது எனக்கு வந்தது ஒரே வார்த்தை.

“ஏரோப்ளேனு” என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கீழே பார்த்தாள். ஊர் சின்னதாகக் கிடந்தது.

“ஐயோ, நாம சிரிச்சமே” என்றாள். எழுந்துவிட்டாள்.

கண்டக்டர் தெலுங்கில் சத்தம் போட்டார். உட்காரு, இங்கே பஸ் நிற்காது என்கிறார் என்று தெரிந்தது. இவள் காதில் வாங்கவில்லை. கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். டிரைவரிடம் ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. மலைச் சாலை, திரும்பவும் முடியாது. இவள் டிரைவருக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். உள்ளங்கை கீழே பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அந்த டிரைவர் கிரேனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சட்டமும் தெரியாது. பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினார்.

“இன்னாமா, பைத்தியமா?” என்றார் தமிழில்.

“எங்க ஊட்டுக்காரரு கண்ணு போவுது. எறக்கி உட்டுடு நைனா.”

முன் சீட்டில் ஒரு பெரியவர், “இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா. சாமிய பாத்தா எல்லாம் சரியாப் பூடும்” என்றார்.

“சாமி அங்கயேதான் இருப்பாரு. கண்ணு இருக்காது” என்றாள் கஸ்தூரி.

இறங்கினோம். அது ஏறுவதற்கு மட்டுமான சாலை. கீழே போகிற வண்டி அதில் வராது. நடந்தோம். எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடித்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பார்த்து, மேலே போகிற வழி இந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள். நாங்கள் பாட்டுக்கு நடந்தோம். அவள் முந்தானையை என் தலைக்குமேல் பிடித்திருந்தாள். பெருவிரல் புண் செருப்பில் உரசியது.

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு கேட்டாள்.

“கோச்சிக்குவாராய்யா?”

“யாரு?”

“மேல கீறவரு.”

“நிறுத்துன்னு யாரு காட்னாலும் நிக்கணும். கோச்சிக்கக் கூடாது.”

இடது கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னாள். நிற்கிற வளைவில் எல்லாம் கேட்டாள், கோடு எங்கே இருக்கிறது என்று. சாம்பலாக இருந்த மரம் மெல்லப் பச்சையாயிற்று. அடிவாரத்துக்கு வந்தபோது கோடு ஏறக்குறைய பழைய இடத்தில் இருந்தது. அங்கே ஒரு மஞ்சள் துணி வாங்கி, ஒரு ரூபாயை வைத்து முடிந்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பாக்கி இருக்கிறது என்று சாமிக்குச் சொல்வதற்கு.

அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது. சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மேடம் வந்தார். கோபம்.

“பிளேன்ல போகக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?”

“சொன்னீங்க மேடம். மலைன்னும் சொல்ல வந்தீங்க. நாங்கதான் சிரிச்சிட்டோம்” என்றாள் கஸ்தூரி.

மேடம் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “ரத்த ஓட்டம் இருக்கு. திரையும் ஒட்டித்தான் இருக்கு” என்றார். “மேல வரைக்கும் போயிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.”

கஸ்தூரி அப்போதுதான் அழுதாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கும் குமிழி. மேடம் சொல்வது காதில் விழுந்தது. “விமானம் வேண்டாம். மலை வேண்டாம். திருப்பதி, ஊட்டி, ஏற்காடு எதுவும் வேண்டாம். வேண்டுதல் இருந்தா குமிழி கரைஞ்ச பிறகு.” அந்த அம்மா திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தார். அவர்களுக்கும் ஏதோ இருந்திருக்கும்.

காதர் பாயும் அங்கே வந்திருந்தார். அவருக்கு மருந்து நன்றாகப் பிடித்தது. தெளிவாகிவிட்டது என்று லேசருக்கு வராமல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். மருந்து கரைந்தது. மறுபடி கசிந்துவிட்டது. இப்போது பச்சை வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, “நல்லவேள தம்பி, நான் நேந்துக்கினது நாகூரு. அது கடலோரம்” என்றார்.

பிறகு குமிழி கடுகளவாகி ஒருநாள் இல்லாமல் போயிற்று. இடது கண்ணில் இப்போது ஆள் தெரியும், நிறம் தெரியும், பஸ் நம்பர் பக்கத்தில் வந்தால் தெரியும். சின்ன எழுத்து தெரியாது. கேபினுக்கு அது போதாது. கம்பெனி டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். சீனு பழகி மேலே ஏறினான். நான் கீழே நின்று கை காட்டுகிறேன். நான் மெதுவாகக் காட்டுகிறேன் என்று மேலே இருந்து கையாலேயே திட்டுவான்.

மாத்திரை தவறுவதில்லை. வீட்டில் அவள் கையை விரித்தால் தட்டை வைத்துவிடுகிறேன்.

கார்த்திகை முடிந்து மறுபடி மலை பஸ் ஏறினோம். மேடத்திடம் ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான். போன தடவை இறங்கின வளைவு வந்தது. கஸ்தூரி வெளியே பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் வலது கண்ணை மூடிக்கொண்டு மரங்களைப் பார்த்தேன். பச்சையாக இருந்தன.

“கோடு?” என்றாள்.

“இல்ல.”

பஸ் மேலே போய்ச் சேரும்வரை அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் தயாராக வைத்திருந்தாள்.